நினைவக வேகத்தைக் கூட்டியதும் கணினி எழவில்லையா?

பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டத்து மாணவன் ஒருவன், எஸ்.பி.எம். பாடப்பணி செய்துவந்த கணினியின் நினைவக வேகத்தை 3200-லிருந்து 3600-க்கு ஏற்றிவிட்டான். திரை கறுப்பாகிவிட்டது. "டீச்சர், எல்லாம் போச்சு!" என்று போன்.

ஒன்றும் போகவில்லை. கோப்புகள் இருப்பது வன்தட்டில். வேகத்தின் அமைப்போ தாய்ப்பலகையில்.

முதலில் கொஞ்சம் பொறுங்க. தாய்ப்பலகை புது வேகத்துக்கு நினைவகத்தைப் பழக்கிப் பார்க்கும். டி.டி.ஆர்.5 என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். அவசரப்பட்டு சுவிட்சை அடைக்காதீங்க. அப்புறமும் எழவில்லையா? மின்கம்பியைக் கழற்றிவிட்டு, காசு மாதிரி இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்க. பெரும்பாலும் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஒரே ஒரு நினைவகத் தகட்டை மட்டும் செருகிப் பாருங்க. நான்கு செருகிடம் உள்ள பலகைகள் பலவற்றில், செயலியிலிருந்து இரண்டாவது செருகிடம்தான் அதற்கு ஏற்றது. பலகையோடு வந்த கையேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பயம் கணினி எழாததில் இல்லை, அரைகுறையாக எழுவதில்தான். பிழையுள்ள நினைவகம் சேமிக்கும்போதே கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். கணினி எழுந்ததும் பாடப்பணியைப் பென்டிரைவில் நகலெடுங்க. மறுபடி வேகத்தைக் கூட்டினால், மெம்டெஸ்ட்86 சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்று தெரிந்த பிறகே எழுத உட்காருங்க.