மணவறையிலிருந்து கிரீன் கார்டு வரை

வாளையாறு, கோவிந்தாபுரம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய ஊர்களைப் பயணிகள் சோதனைச் சாவடிகளாகவே அறிவர். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ, எல்லையின் இருபுறமும் வீடுதான். சித்தூர் வட்டத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பை முடித்து, பொள்ளாச்சி மண்டபம் ஒன்றில் மாலை மாற்றிக்கொண்ட மணப்பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மணமகனுக்கு அமெரிக்காவில் வேலை. திருமணம் முடிந்த மூன்றாம் வாரம் அவர் விமானம் ஏறிவிடுகிறார். “நீ எப்போதம்மா போகிறாய்?” என்று உறவினர் கேட்கும்போது, விடை சொல்ல அந்த வீட்டில் எவராலும் இயல்வதில்லை.

விடையின் ஒரு பாதி மணமகனின் குடியேற்ற நிலையில் இருக்கிறது. அதை நாம் மாற்ற இயலாது. மறு பாதி நம் வீட்டு அலமாரியில் உள்ள ஆவணங்களில் இருக்கிறது. அதைத் திருமணத்தன்றே சீர்செய்யத் தொடங்கலாம்.

யார் யாரை அழைக்கலாம்?

கணவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால், மனைவி ‘நெருங்கிய உறவினர்’ பிரிவில் அடங்குவார். இப்பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. கணவர் கிரீன் கார்டு மட்டும் உடையவராயின் மனைவிக்கு ‘எஃப்2ஏ’ பிரிவு பொருந்தும். இதற்கு ஆண்டு ஒதுக்கீடு உண்டு என்பதால், அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் எச்1பி பணி விசாவில் இருந்தால் மனைவி செல்வது எச்4 விசாவில். அது குடியேற்ற விசா அன்று.

பெற்றோரை அழைக்கும் உரிமை 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கே உண்டு. அவர்கள் உடன்பிறந்தோரையும் அழைக்கலாம். ஆனால் இந்தியருக்கு அந்த வரிசை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. கிரீன் கார்டு என்பது நிரந்தர வசிப்புரிமையே, குடியுரிமை அன்று. இந்த வேறுபாட்டைப் பெண் பார்க்கும் நாளிலேயே இரு வீட்டாரும் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது.

பதிவு, பெயர், ஊர்

2006 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சீமா எதிர் அசுவனி குமார் வழக்கில், எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவுசெய்யப்பட வேண்டும் எனப் பணித்தது. அதையொட்டிக் கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் பொது விதிகளும் தமிழகத்தில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டமும் வந்தன. கேரளத்தில் நடந்த திருமணத்தை அவ்விடத்து ஊராட்சி அல்லது நகராட்சியில் 45 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். தமிழகத்தில் நடந்ததாயின் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். ஆகவே நாம் எண்ணிய மணப்பெண்ணின் வீடு பாலக்காட்டு மாவட்டத்தில் இருந்தாலும், அவர் பதிவுக்குச் செல்ல வேண்டியது தமிழகத்திற்கே. மண்டப ரசீதும் அழைப்பிதழும் துணைச் சான்றுகளாகலாம். பதிவுச் சான்றிதழின் இடத்தை அவை நிரப்பா.

அடுத்தது பெயர். மலையாளத்தில் எழுதிய பிறப்புச் சான்று, தமிழ்வழிப் பள்ளியின் சான்று, ஆங்கிலக் கடவுச்சீட்டு என ஒரே பெயர் மூன்று வடிவங்களில் நிற்பது எல்லையோரத்தில் இயல்பு. ‘லட்சுமி’ என்ற பெயரை ஒரு சான்று ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ எழுத்துடன் எழுதும். மற்றொன்று ‘கே’, ‘எஸ்’ எழுத்துகளுடன் எழுதும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி வெற்றாக இருந்தால் இன்னொரு சிக்கல் எழும். அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயராக இடம்பெற்று, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்று அச்சாகும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் இடும் நம் வழக்கத்தால் நேர்வது இது. விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் பெயரை இரு பகுதிகளாகப் பிரித்துப் பதிந்துகொண்டால் பின்னாளில் அலைச்சல் குறையும்.

பெற்றோரை அழைக்கும்போது ஊர்ப் பெயரும் குழப்பம் தரலாம். இடுக்கி மாவட்டம் உருவானது 1972 சனவரி 26 அன்று. அதற்கு முன் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்கள் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. எனவே பழைய சான்றில் ‘கோட்டயம்’ என்றும் கடவுச்சீட்டில் ‘இடுக்கி’ என்றும் இருப்பின் இரண்டும் மெய்யே. சான்றைத் திருத்த முற்படாமல், விளக்கக் கடிதம் ஒன்றை இணைப்பதே முறை. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் பதிவாளரிடமிருந்து ‘பதிவு இல்லை’ என்னும் சான்றைப் பெற்று, பள்ளிச் சான்று போன்ற மாற்றுச் சான்றுகளைச் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியுடன் கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழங்கும். குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடைபெறும். விசா கைக்கு வரும்வரை வேலையைத் துறக்க வேண்டாம். பயணச்சீட்டும் வாங்க வேண்டாம்.

பணமும் பொறுப்பும்

அழைப்பவர் ‘ஆதரவு உறுதிமொழி’ அளிக்க வேண்டும். அவரது வருமானம், பொதுவாக, அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு வரையறையில் 125 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறைந்தால் சொத்துகளைக் காட்டலாம். குடிமகனின் மனைவிக்கெனில் குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கும், பிறருக்குப் பொதுவாக ஐந்து மடங்கும் சொத்து வேண்டும். மணப்பெண்ணின் பெயரிலுள்ள வைப்புநிதியும் இக்கணக்கில் சேரக்கூடும். ஓராண்டுக்குள் பணமாக்கத்தக்கதாக அது இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முந்தைய வாரம் திடீரெனப் பெருந்தொகையைக் கணக்கில் இடுவதால் பயனில்லை, ஐயமே மிஞ்சும்.

அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்கான கட்டணம் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து இணையவழியே செலுத்தப்படுவது. அக்கட்டணத்தைத் தம் சொந்தக் கணக்கில் செலுத்துமாறு உள்ளூர் இடைத்தரகர் எவரேனும் கேட்டால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

இரண்டு ஆண்டு அட்டை

அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடையாதிருந்தால், வழங்கப்படும் கிரீன் கார்டு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஐ-751’ மனுவை அளிக்க வேண்டும். தவறினால் வசிப்புரிமையே பறிபோகலாம்.

மகளை அனுப்பும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நேர்மையாக நடந்த திருமணம் முறிந்தாலும், கணவரால் கொடுமை நேர்ந்தாலும், அவருடைய கையெழுத்து இன்றி மனைவி தனியே அம்மனுவை அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ‘அட்டை அவர் கையில்’ என்ற அச்சத்தில் எந்தப் பெண்ணும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. கடவுச்சீட்டு, திருமணச் சான்று, கூட்டுக் கணக்கு விவரங்கள் ஆகியவற்றின் நகல்கள் அவர் வசமும் தாய்வீட்டிலும் இருக்கட்டும்.

புறப்படும் முன்

வெளிநாட்டில் குடியேறுவோரின் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். பெயரில் ஏலத் தோட்டமோ நெல்வயலோ இருந்தால் அதைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் புதிதாக விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க இயலாது. ஆகவே பாகப்பிரிவினை, பட்டா, வாரிசு நியமனம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே முடித்துவிடுவது நலம்.

கிரீன் கார்டு பெற்றவர் இங்குள்ள வட்டி வருவாயையும் அமெரிக்க வரிக்கணக்கில் காட்ட வேண்டும். அவருடைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் எந்நாளிலேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியே அறிவிக்கவும் வேண்டும். தாய் தந்தையருடன் சேர்ந்து வைத்துள்ள கணக்கும் இதில் அடங்கும்.

விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வொரு படியிலும் அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கலான நிலைகளில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள். திருமணச் செலவுக்குக் கணக்கு எழுதும் அதே நோட்டில், பதிவு, பெயர், மொழிபெயர்ப்பு, வங்கிக் கணக்கு என்ற நான்கு வரிகளையும் எழுதி வையுங்கள். அவை முடிந்துவிட்டால், உறவினரின் கேள்விக்கு நாள் குறித்து விடை சொல்ல இயலாவிட்டாலும், நம் பக்கத்தில் தாமதம் இல்லை என்று அந்த மணப்பெண் உறுதியாகச் சொல்லலாம்.