கரிசல் நகரத்து மரங்களும் அவற்றை உண்ணும் பூச்சிகளும்

1901-இல் விவசாய ஆராய்ச்சி நிலையம் தோன்றிப் பருத்தியைப் போற்றி வளர்த்த கோவில்பட்டியில், தெருவோரத்துப் பூவரசை வெறும் நிழல்மரமென்று கருதிவிடுதல் இயலாது. அது பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த விருட்சமாதலால், காடு வெறுமையாகும் மாதங்களில் அதன் வித்துக்களை உண்டு பிழைக்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சி, அடுத்த போகத்தில் வெடித்த பருத்திக் காய்களை நாடிச் சென்று, விதைச்சாற்றை உறிஞ்சிப் பஞ்சைக் கறைப்படுத்தக் கூடும். மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டில் இவ்வினத்துப் பூச்சிகளுக்கு அஞ்சிப் பூவரசையும் இலவமரத்தையும் வெட்டி வீழ்த்தினார்கள். நிழலே துர்லபமான நமது சீமைக்கு அத்தகைய சம்ஹாரம் தகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எந்த மரத்தை எந்தப் பூச்சி நாடும் என்பதை மரத்தின் ஜாதியே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. பாலைவன வெட்டுக்கிளிகளும் தீண்டத் தயங்கும் கசப்பை உடைய வேம்பையே, தேயிலைக் கொசு என்னும் சிறு நாவாய்ப்பூச்சி அதன் இளந்தளிரில் ஊசிபோன்ற வாயைச் செலுத்திக் கருகச் செய்துவிடுகிறது. அந்தப் புண்வழியே பூஞ்சணமும் புகுந்தால் கிளைநுனிகள் காய்ந்து நிற்கும்.

ஆனால் வந்த பூச்சி எவ்வளவு பெருகும் என்பது மரத்தின் தேக ஸ்திதியையும் பொறுத்தது. இதில் ஒரே விதி எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்துவதில்லை. தளிர் தின்னும் புழுக்களிற் பல செழித்த மரத்தையே விரும்ப, செதில்பூச்சி முதலிய சாறுறிஞ்சிகளிற் பல நலிந்த மரத்தில் பெருகுகின்றன. தாகத்தால் வாடும் மரம் தன் இலைகளிலுள்ள புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களாகச் சாற்றில் விடுவதால், அச்சாறு பூச்சிகளுக்குப் போஷாக்கு மிக்கதாகிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஒயிட் 1969-இல் விளக்கினார். அமெரிக்காவின் ராலே நகரில் ஆராய்ந்தவர்களோ, வெப்பம் மிகுந்த தெருக்களின் மேப்பிள் மரங்களில் செதில்பூச்சிகள் ஏராளமாகப் பெருகியிருக்கக் கண்டார்கள்.

நமது கரிசலோ கோடையில் பிளவுண்டு சல்லிவேர்களை அறுக்கும் மண். அதன்மேல் தாரும் சிமென்டும் அடிமரம்வரை நெருங்கி நின்றால், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையும் வேருக்கு இறங்காமல் சாக்கடையில் ஓடிவிடுகிறது. இலைமேல் படியும் புழுதியோ, பூச்சிகளை அழிக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளின் வேலையைத் தடுக்கிறது. ஆகையால் சாலையோர மரமொன்றில் மாவுப்பூச்சி அப்பியிருக்கக் கண்டால், மருந்து தெளிப்பானை எடுக்குமுன் அம்மரத்தின் அடியில் எத்தனை முழம் மண் திறந்திருக்கிறது என்று நகரசபையார் பார்த்துவிட வேண்டும்.