"போர்!" என்றால் தலையை மூடு!

கோல்ப் மைதானத்தில் சத்தம் போடக் கூடாது. பந்தை அடிப்பவர் அருகே பேசக்கூட மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் தொண்டை கிழியக் கத்தலாம்.

அந்தச் சொல், "போர்!"

சண்டை எதுவும் இல்லை! அது ஆங்கிலச் சொல். "முன்னால் இருப்பவர்களே, பந்து வருகிறது, ஜாக்கிரதை!" என்று அர்த்தம்.

சின்னப் பந்து; பெரிய ஆபத்து

கோல்ப் பந்து எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். எடை 46 கிராமுக்குள். ஆனால், கைதேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 250 கிலோ மீட்டருக்கும் அதிக வேகத்தில் பறக்கும்.

2018-ம் ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் நகரின் அருகே ரைடர் கோப்பை போட்டி நடந்தது. அமெரிக்க வீரர் புரூக்ஸ் கெப்கா அடித்த பந்து, திசை மாறிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. வேடிக்கை பார்த்த ஒரு பெண்ணின் வலது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணின் பார்வையே போய்விட்டது!

அடிப்பவர் கடமை

முன்னால் செல்கிறவர்கள் பந்து எட்டாத தூரம் போகும்வரை காத்திருக்க வேண்டும். மட்டையை வீசும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பந்து யார் பக்கமாவது திரும்பினால் உடனே கத்த வேண்டும். "யார் மேலும் படாது" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

கேட்பவர் என்ன செய்வது?

குரல் கேட்டதும், "பந்து எங்கே?" என்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றும். அதுதான் ஆபத்து! பந்து முகத்தில் பட்டுவிடும். உடனே குனிந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மரம் இருந்தால் அதன் பின்னால் ஒதுங்கலாம்.

ஆட்டத்தில் தோற்றால் இன்னொரு நாள் ஜெயிக்கலாம். போன கண் திரும்பி வருமா?