வீட்டு மின்சாரக் கணக்கு

மாதந்தோறும் நம் வீடு தேடி வருகின்ற தாள்களுள் மின்சாரக் கட்டணச் சீட்டும் ஒன்று. வீட்டுத் தலைவர் அதை வாங்கியதும் தொகை எழுதியுள்ள இடத்தை மட்டும் பார்க்கின்றார். தொகை கூடியிருந்தால், "யார் விளக்கை அணைக்காமல் விட்டது?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கின்றார். சீட்டின் மற்ற வரிகளைப் படிப்பார் அரியர். அவற்றைப் படித்தறியப் பெரிய கல்வி எதுவும் வேண்டுவதில்லை. நம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர் கற்கின்ற பெருக்கலும் கழித்தலும் போதும். ஆதலால் மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் ஒரே மேசையில் அமர்ந்து போட்டுப் பார்க்கத்தக்க ஒரு கணக்கை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

பினாங்குக்கு மின்சாரம் புதியதன்று. ஜோர்ஜ் டவுன் நகராண்மைக் கழகம் 1904-ஆம் ஆண்டிலேயே மின்விநியோகத்தைத் தொடங்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நகர வீதிகளில் மின்சார டிராம் வண்டிகளும் ஓடின. நகரத்து மின்சாரத்தை நகராட்சியே நெடுங்காலம் நடத்தி வந்து, 1976-இல் தேசிய மின்சார வாரியத்திடம் ஒப்படைத்தது. 1949-இல் மத்திய மின்சார வாரியமாகத் தோன்றி, 1965-இல் பெயர் மாறிய அவ்வாரியமே 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

தோட்டங்களின் கதை வேறு. நகரில் டிராம் ஓடிய காலத்தில் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர்த் தோட்ட நிர்வாகத்தின் இஞ்சின் வந்தது. பல தோட்டங்களில் அது மாலையில் இயங்கத் தொடங்கி, இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் ஊர் முழுதும் இருள். வீட்டிற்கு இரண்டொரு விளக்கு என்றிருந்த அந்நாளில் எண்ணிச் செலவிட வேண்டிய தேவையே எழவில்லை. காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கென விற்கப்பட்டும் போகவே, நம் மக்களிற் பலர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் உண்டு. வீட்டுக்கு வீடு மானியும் உண்டு. கணக்குப் பார்க்கும் பழக்கம் மட்டும் நம்மோடு குடிவரவில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். ஒவ்வொரு மின்கருவியின் பின்புறமோ அடிப்புறமோ ஒரு சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் 'வாட்' என்னும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகின்றது என்பதைப் போன்றது வாட். வாளியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பதைப் போன்றது 'யூனிட்', அதாவது கிலோவாட் மணி. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் 1 யூனிட் செலவாகின்றது. 100 வாட் கருவி பத்து மணி நேரம் இயங்கினாலும் அதே 1 யூனிட்தான். குழாயைப் பெரிதாகத் திறந்து சிறிது நேரம் விட்டாலும், சிறிதாகத் திறந்து நெடுநேரம் விட்டாலும் வாளி நிறையுமன்றோ? நாம் பணம் கட்டுவது வாளிக்கே.

இனி ஐவர் அடங்கிய ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். தந்தை, தாய், மூன்று பிள்ளைகள். அவ்வீட்டில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு, நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிகின்றன: 0.27 யூனிட். 70 வாட் மின்விசிறிகள் மூன்று, பத்து மணி நேரம்: 2.1 யூனிட். குளிர்பதனப் பெட்டிக்கு 1.2 என்று வைப்போம். தொலைக்காட்சிக்கு 0.4, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 0.3, இஸ்திரிப் பெட்டி 1000 வாட்டில் இருபது நிமிடம் சூடேறினால் 0.33. சோறு சமைக்கும் மின்பானை 600 வாட்டில் அரை மணி நேரம் கொதித்தால் 0.3, சமைத்தபின் சூடு ஆறாதிருக்கப் பத்து மணி நேரம் விட்டுவைத்தால் இன்னும் 0.4. குளியலறைச் சுடுநீர்க் கருவி 3600 வாட். ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6, ஐவருக்கு 3 யூனிட். இறுதியாக ஓர் அறைக்குக் குளிரூட்டி. ஒரு குதிரைத் திறன் கொண்டது இரவு முழுதும் இயங்கினால் ஏறக்குறைய 5 யூனிட்.

கூட்டிப் பாருங்கள். நாளொன்றுக்கு 13.3 யூனிட், முப்பது நாளுக்கு 399 யூனிட். இவற்றுள் ஆறு விளக்குகளின் பங்கு எவ்வளவு? மாதம் முழுவதற்கும் எட்டு யூனிட்தான். சுடுநீர்க் கருவியின் பங்கோ 90. குளிரூட்டியின் பங்கு 150. பூசணிக்காய் போன வழி தெரியாமல் கடுகு போன வழியை ஆராய்ந்த கதையாக இருக்கின்றது, நாம் விளக்குக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது.

60 வாட் குண்டு விளக்கு எரிந்த காலத்தில் அக்கண்டிப்பு ஓரளவு பொருத்தமாக இருந்தது. அதே அளவு வெளிச்சத்தை இன்று 9 வாட்டில் பெறுகின்றோம். பழைய கண்டிப்பு மட்டும் மாறவில்லை. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை இரவில் மூன்று மணி நேரம் படிப்பதற்கு ஒரு விளக்கு எரிந்தால், மாதத்திற்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். காசாகக் கணக்கிட்டால் இருபத்தைந்து காசைத் தாண்டாது. கட்டணம் கூடிவிட்டது என்று படிக்கும் மேசையின் விளக்கை அணைக்கச் சொல்வதோ, மங்கலான கூடத்து வெளிச்சத்தில் படிக்கச் சொல்வதோ எவ்வகையிலும் சிக்கனமாகாது. ஆளில்லா அறையில் விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். அதை வேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஆனால் படிப்பு விளக்கைத் தொடாதீர்கள்.

சூடாக்குவது, குளிராக்குவது ஆகிய இரண்டுமே மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குச் செலவாகும் மின்சாரத்தைக் கொண்டு மேற்சொன்ன எல்.இ.டி. விளக்கை ஒன்பது மணி நேரம் எரிக்கலாம். இரண்டு குவளைத் தேநீருக்கு மின்கெண்டி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கின்றது. மீந்த தண்ணீர் ஆறிப்போகின்றது; மறுபடியும் அதையே கொதிக்க வைக்கின்றோம். வேண்டிய அளவே ஊற்றினால் போதாதா?

குளிர்பதனப் பெட்டியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அது ஓய்வே அறியாத வேலையாள். அதன் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் குளிர் இரவும் பகலும் கசிந்துகொண்டிருக்கும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டையை மாற்றும் காலம் வந்துவிட்டது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்புறம் காற்றோட்டத்திற்கு இடம் விட வேண்டும். அடுப்பின் அருகே வைக்கவே கூடாது. புதிதாக வாங்குகிறவர்கள் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லையைப் பார்க்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை உண்டு. அவ்வில்லையிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். நட்சத்திரத்தைவிட அவ்வெண்ணே நமக்குப் பயன்படும். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைய செலவு தெரிந்துவிடும். உறவினர் கொடுத்தார் என்று பழைய பெட்டியை இலவசமாக வாங்கி வைத்துக்கொள்வோரும் உளர். அதன் விலையை அவர்கள் மாதாமாதம் மின்கட்டணத்தில் செலுத்துகின்றார்கள்.

இப்போது கட்டணத்திற்கு வருவோம். 2025 ஜூன் வரை இருந்த முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென் எனப் படிப்படியாக விலை ஏறியது. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய முறை நடப்புக்கு வந்தது. அதன்படி, மாதம் 1500 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு மின்னாற்றல், கொள்திறன், கம்பிவலை ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். இதைக் கேட்டுத் திகைக்க வேண்டா. மாதம் 1000 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு ஒன்று உண்டு. 200 யூனிட் வரை பயன்படுத்துவோர்க்கு யூனிட்டுக்கு 25 சென் கழிக்கப்படுகின்றது. ஆகவே அவர்கள் செலுத்துவது 19.43 சென்தான். பயன்பாடு ஏற ஏறக் கழிவு குறைந்துகொண்டே போகும்.

இங்கேதான் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இருக்கின்றது. குறைந்த கழிவு, எல்லையைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்று. அம்மாதத்து யூனிட் அனைத்துக்கும் பொருந்துகின்றது. 301 முதல் 350 யூனிட் வரை கழிவு 21 சென். 351 முதல் 400 வரை 17 சென். 350 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்குக் கட்டணம் ஏறக்குறைய 82 வெள்ளி. 351 பயன்படுத்திய வீட்டுக்கு 96 வெள்ளி 28 சென். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 14 வெள்ளிக்கு மேல்! 600-ஐத் தாண்டினால் சுமை இன்னும் கூடும். மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ப மாறும் தொகையும், 600-க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்குச் சேவை வரியும் வந்து சேர்கின்றன.

நம் கணக்குக் குடும்பத்துக்குத் திரும்புவோம். 399 யூனிட்டுக்கு அவர்கள் செலுத்துவது, சிறு வரிகள் நீங்கலாக, 109 வெள்ளி 45 சென். அவர்கள் குளிரூட்டியைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பகலெல்லாம் பால்வெட்டிவிட்டோ ஆலையில் நின்றோ களைத்து வருகிறவருக்கு இரவு உறக்கம் வேண்டும். சுடுநீர்க் குளியலைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கட்டும். அதுவே மாதம் 45 யூனிட். மின்பானையில் சோறு வெந்ததும் சுவிட்சை அணைக்கட்டும். அது 12 யூனிட். ஆக 57 யூனிட் குறைந்து 342 ஆகின்றது. கட்டணம் 80 வெள்ளி 13 சென். மாதம் 29 வெள்ளிக்கு மேல் மிச்சம். ஆண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 350 வெள்ளி. ஒரு பிள்ளைக்குச் சீருடை, காலணி, புத்தகப் பை வாங்கியும் கையில் மீதமிருக்கும். குளிரூட்டியை 24 அல்லது 25 பாகையில் வைத்து, அதன் வடிகட்டியை மாதமொருமுறை கழுவி, மின்விசிறியையும் உடன் சுழலவிட்டால் 150 என்பதும் குறையும். நள்ளிரவுக்குப்பின் தானே நிற்கும்படி நேரம் வைக்கின்ற வசதி பெரும்பாலான தொலையியக்கிகளில் இருக்கின்றது. அந்தப் பொத்தானைத் தொட்டவர்களைத்தான் காணோம்.

மிக வறிய நிலையில் இருந்து, அரசாங்கத்தின் இ-காசே பட்டியலில் பதிவு பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டண உதவி வழங்கப்பட்டு வருகின்றது. பதிவு செய்யத் தகுதியிருந்தும் படிவம் நிரப்பத் தயங்கி ஒதுங்கி நிற்கும் பெற்றோர் நம்மிடையே உளர். படிவம் நிரப்பப் பள்ளியில் ஆசிரியர்கள் உதவுவார்கள், கூச்சம் வேண்டா.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுவது. நிலக்கரி பெரும்பாலும் கடல் கடந்து கப்பலில் வருகின்றது. நம் அருகிலுள்ள பிறையில் எரிவாயுவால் இயங்கும் மின்நிலையங்கள் உள்ளன. சுடுநீர்க் கருவியை ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்தும் சிறுவன் அங்கே எரிகின்ற எரிபொருளிலும் ஒரு துளியைக் குறைக்கின்றான்.

பள்ளி விடுமுறையில் மாணவர்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், மானியின் எண், நேற்றைய எண்ணைக் கழித்து வந்த விடை என நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையுடன் மானியைப் பாருங்கள். பார்த்தால் போதும், கை வைக்கக் கூடாது. துணி துவைத்த நாள், விருந்தினர் வந்த நாள், மழை பெய்து குளிரூட்டி போடாத நாள் என்று பக்கத்தில் குறித்து வாருங்கள். ஒரு நாள் இரவு, குளிர்பதனப் பெட்டி நீங்கலாக எல்லாச் சுவிட்சுகளையும் சுவரிலேயே அணைத்துவிட்டு, மானியிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு மினுக்குவதைக் கவனியுங்கள். பெட்டியின் இயந்திரம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் அது அடிக்கடி மினுக்கிக்கொண்டே இருந்தால், வீட்டில் எங்கோ ஒரு கருவி இன்னும் மின்சாரம் உண்டுகொண்டிருக்கின்றது என்று பொருள். அது எது என்பதைக் கண்டுபிடித்து, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் குறிப்பேட்டுடன் வந்து வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.