எக்ஸ்மூரில் ஒரு நாள்

தேசியப் பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்தியாவில் வளரும் மாணவர்க்குக் காசிரங்காவோ கார்பெட்டோ நினைவுக்கு வரும். வாயிலில் அனுமதிச் சீட்டு, திறந்த ஜீப், உடன்வரும் வழிகாட்டி, குறித்த நேரத்தில் வெளியேற வேண்டும் என்னும் விதி ஆகியவை அங்கு உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட், டெவன் என்னும் இரு மாவட்டங்களில் பரவியுள்ள எக்ஸ்மூர் தேசியப் பூங்காவிற்கு வாயிலே இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. 1954ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 693 சதுர கிலோமீட்டர். அதனுள் ஏறத்தாழ 10,000 மக்கள் வாழ்கின்றனர். ஊர்கள், தேவாலயங்கள், தேநீர்க் கடைகள், ஆட்டுப் பட்டிகள் யாவும் பூங்காவிற்குள்ளேயே உள்ளன. வழிகாட்டி உடன்வர வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஆகவே, ஒரே நாளில் இதனைக் காண விரும்புவோர் தம் பயணத்தைத் தாமே திட்டமிட வேண்டும்.

முதலில் ‘மூர்’ என்பது யாது என அறிதல் வேண்டும். மரங்கள் அரிதாக, காற்று தடையின்றி வீசும் ஈரமான மேட்டுநிலமே மூர். மண்ணில் புளிப்புத்தன்மை மிகுதி. பயிர் விளைவது கடினம். ஹெதர் என்னும் குறுஞ்செடியும், மஞ்சள் நிறப் பூப்பூக்கும் முட்புதரும், முரட்டுப் புல்லுமே அங்குத் தழைக்கும். இஃது இயற்கை தானே வடித்த நிலம் என்று எண்ணுவது தவறு. முன்னோர் மரங்களை வெட்டினர். ஆடுமாடுகள் மேய்ந்து புதிய கன்றுகள் வளராமல் தடுத்தன. மேய்ச்சல் நின்றால் பல இடங்களில் மீண்டும் மரங்கள் முளைத்துவிடும். ஆகஸ்டு மாதத்தில் ஹெதர் பூக்கும்போது குன்றுகள் ஊதா நிறம் கொள்ளும். ஒரு நாள் மட்டுமே செலவிடக்கூடியவர் அம்மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நன்று. பூக்கள் மட்டுமன்றிப் பகற்பொழுதும் அதற்குக் காரணம். ஆகஸ்டு நடுவில் இரவு எட்டு மணிக்குப் பின்னரும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை நான்கு மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும்.

வரைபடம் பயணியை ஏமாற்றும். கிழக்கெல்லையில் உள்ள டன்ஸ்டரிலிருந்து கடற்கரை ஊராகிய லின்மவுத் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. நம் நெடுஞ்சாலைகளில் இஃது அரைமணி நேரப் பயணம். எக்ஸ்மூரில் அவ்வாறு கணக்கிடல் ஆகாது. உட்புறச் சாலைகள் பல ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலம் உடையவை. இருபுறமும் உயர்ந்த வேலிமண்மேடுகள் இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னோக்கிச் செலுத்தி வழிவிட வேண்டும். செம்மறியாடுகளும் குதிரைகளும் சாலையிலேயே நிற்கும். பேருந்துகள் குறைவாதலால் அருகிலுள்ள பெரிய தொடர்வண்டி நிலையமான டான்டனிலிருந்து மகிழுந்தில் செல்வதே ஒருநாள் பயணத்திற்கு ஏற்றது.

காலையில் டன்ஸ்டரில் தொடங்கலாம். அங்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட எண்கோண வடிவக் கம்பளிச் சந்தைக் கூடம் தெருவின் நடுவே இன்றும் நிற்கிறது. மேலே குன்றின்மீது கோட்டை உண்டு. கோட்டையினுள் சென்றால் அரைநாள் கழிந்துவிடும்; வெளியிலிருந்து கண்டு நகர்வதே அறிவுடைமை.

அடுத்துள்ள போர்லாக் ஊரைக் கடந்ததும் சாலை திடீரென மேல்நோக்கி எழும். நான்கு மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயரும் அளவிற்கு அவ்வேற்றம் செங்குத்தானது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் 400 மீட்டர் உயரத்தை அடைகிறது. அஞ்சுவோர்க்கு வளைந்து செல்லும் சுங்கச் சாலை ஒன்று உண்டு. இவ்வழியில் 1899ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் இரவு நிகழ்ந்தது நம்புதற்கு அரியது. கடும்புயலில் ‘ஃபாரஸ்ட் ஹால்’ என்னும் கப்பல் போர்லாக் அருகே தவித்தது. லின்மவுத்தில் இருந்த ‘லூயிசா’ என்னும் மீட்புப் படகை அலைகளின் சீற்றத்தால் கடலில் இறக்க இயலவில்லை. ஊர்மக்கள் அப்படகைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் ஏற்றி, கவுன்டிஸ்பரிக் குன்றின் வழியாக ஏறத்தாழ 21 கிலோமீட்டர் இழுத்துச் சென்றனர். வழி குறுகிய இடங்களில் சுவரை இடித்தனர். போர்லாக் இறக்கத்தில் கயிறுகளால் பிடித்துப் பிடித்து இறக்கினர். விடியலில் படகு கடலைத் தொட்டது. கப்பலில் இருந்த பதினெண்மரும் பிழைத்தனர். இன்று வண்டியில் பத்து நிமிடங்களில் ஏறிவிடும் அவ்வேற்றத்தின் உச்சியில் சற்று நின்று திரும்பிப் பார்த்தல் தகும்.

மேட்டின்மீது செல்லும் சாலையில் வலப்புறம் பிரிஸ்டல் கால்வாய் என்னும் கடற்கூறும், அதற்கப்பால் வேல்சு நாட்டின் கரையும் தெரியும். இடப்புறம் மூர். எக்ஸ்மூர்க் குதிரைகளை இங்குக் காண இயலும். பழுப்பு நிறமும் மாவு பூசினாற்போன்ற வெளிறிய மூக்கும் அவற்றின் அடையாளங்கள். அவை தம் விருப்பம்போல் திரிந்தாலும் உரிமையாளர் உண்டு. உணவு கொடுத்தல் கூடாது. கொடுத்துப் பழக்கினால் அவை சாலைக்கு வந்து வண்டிகளில் அடிபடும்.

நண்பகலில் லின்மவுத். ஒரு நாளின் பெரும்பகுதியை இங்குச் செலவிடுவதே முறை. கடலோரத்தில் லின்மவுத்தும் செங்குத்துப் பாறையின் மேல் லின்டனும் உள்ளன. இரண்டையும் 1890ஆம் ஆண்டு முதல் ஒரு பாறை இரயில் இணைக்கிறது. அதற்கு மின்சாரமும் நிலக்கரியும் வேண்டுவதில்லை, தண்ணீர் போதும். வடத்தால் பிணைக்கப்பட்ட இரு பெட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் ஏறத்தாழ 3,000 லிட்டர் கொள்ளும் தொட்டி உண்டு. மேலுள்ள பெட்டியின் தொட்டியில் ஆற்றுநீர் நிரப்பப்படும். கீழுள்ள பெட்டி தன் நீரை வெளியேற்றும். எடை மிகுந்த பெட்டி இறங்க, எடை குறைந்தது ஏறும். நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்லும் காட்சி சிறுவர்க்குப் பெருமகிழ்ச்சி தரும். குளிர்காலத்தில் சில மாதங்கள் இஃது இயங்குவதில்லை என்பதைத் திட்டமிடுவோர் மறத்தல் ஆகாது.

அதே நீர் அழிவையும் தந்துள்ளது. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், முன்னரே மழையில் ஊறியிருந்த மேட்டுநிலத்தின்மேல் ஒரே நாளில் ஏறத்தாழ 230 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஊறிய மண் மேலும் நீரை ஏற்கவில்லை. செங்குத்தான பள்ளத்தாக்குகளின் வழியே பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு இரவில் வெள்ளம் லின்மவுத்திற்குள் புகுந்தது. 34 பேர் உயிரிழந்தனர். அதன்பின் ஆற்றின் வழி அகலப்படுத்தப்பட்டது. ஊரிலுள்ள நினைவு மண்டபத்தில் அந்நாளின் படங்களைக் காணலாம். மேட்டில் பெய்யும் மழை கீழே எத்தகையது என்பதை அறிந்தபின், புறப்படும் முன் வானிலை அறிக்கையைப் பார்க்கும் பழக்கம் வெறும் குடை பற்றியதாக இராது.

லின்டனிலிருந்து பாறைப் பள்ளத்தாக்கிற்கு நடந்து செல்லலாம். கடலுக்கு இணையாக அமைந்த வறண்ட பள்ளத்தாக்கு அது. செங்குத்துப் பாறைகளில் காட்டாடுகள் தயக்கமின்றி ஏறும். மனிதர் அவற்றைப் பின்பற்ற முயலாதிருப்பது நலம்.

பிற்பகலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எஞ்சியவற்றுள் சிறந்தவை இரண்டு: 519 மீட்டர் உயரமுள்ள டங்கரி பீக்கன் என்னும் உச்சி, பார்ல் ஆற்றின் மேலுள்ள டார் ஸ்டெப்ஸ் என்னும் கற்பாலம். இரண்டையும் அவசரமாகப் பார்ப்பதைவிட ஒன்றை நிதானமாகப் பார்ப்பது மேல். எதனை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டுவதில்லை. வானம் முடிவு செய்யட்டும். வானம் தெளிந்திருந்தால் டங்கரி. அங்கிருந்து கடலும் மூரும் வேல்சு மலைகளும் ஒருங்கே தெரியும். மூடுபனி இறங்கினாலோ உச்சியில் ஒன்றும் தெரியாது. வழி தவறவும் கூடும். அப்போது பள்ளத்தாக்கில் உள்ள டார் ஸ்டெப்ஸ் ஏற்றது.

சுண்ணமோ சாந்தோ இன்றிப் பெரும் பலகைக் கற்களைத் தூண்களின்மேல் அடுக்கிய அப்பாலத்திற்குப் பதினேழு கண்கள். அதன் வயது பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சாத்தான் வெயில் காய்வதற்காகக் கட்டினான் என்பது ஊர்க்கதை. வெள்ளம் அக்கற்களைப் பலமுறை அடித்துச் சென்றுள்ளது. ஆதலால் கற்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. நீர் வடிந்ததும் தேடி எடுத்து வரிசைப்படி மீண்டும் அடுக்குவர். பாலத்தைக் கடந்து மறுகரையில் ஓக் மரங்களின் நிழலில் சற்று நடந்துவிட்டு, இருட்டுமுன் அகலமான சாலையை அடைந்துவிட்டால் டான்டன் திரும்புவது எளிது.