இருமல் இல்லாத தொண்டை வலி

பெங்களூர் பன்னர்கட்டா சாலையில் இருக்கிறது ஜெயதேவா இதய மருத்துவமனை. சுருங்கிப்போன மைட்ரல் வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் செலுத்தி விரித்துவிடும் சிகிச்சை அங்கே வழக்கமாக நடக்கிறது. அந்த வால்வு கெட்டதற்கு மூலம் பெரும்பாலும் பள்ளி வயதில் வந்த தொண்டை அழற்சிதான். பலருக்கு அது ஞாபகத்தில்கூட இருக்காது.

எல்லாத் தொண்டை வலியும் இதயம்வரை போவதில்லை. ஜூன் தூறலில் ஊரே செருமுகிறதே, அதில் பெரும்பகுதி வைரஸின் கைங்கரியம். மூக்கு ஒழுகும், இருமல் வரும், குரல் கம்மும். ஒரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். இதற்கு ஆன்டிபயாடிக் விழுங்குவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

கவனிக்க வேண்டியது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள்மேல் அதற்குக் கண். திடீரென ஜுரம் ஏறும்; எச்சில் விழுங்கினாலே வலிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் செக்கச்சிவந்து, மேலே வெள்ளைத் திட்டுகள் தெரியலாம். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கும். இருமலோ சளியோ பொதுவாக இருக்காது. ‘சளிகூட இல்லையே’ என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பது இங்கேதான் தப்புக் கணக்கு. இந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள், சிகிச்சை பெறாத சிலரிடம் ஆள் தெரியாமல் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகின்றன. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்குவதால், இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் கொடுத்தால்கூட இந்தத் தாக்குதலைத் தடுத்துவிடலாம்.

வாத்தியார்களுக்கும் பாடகர்களுக்கும் வருவது குரல்வளை அழற்சி. அதற்கு மருந்து மௌனம். கிசுகிசுப்பதும் குரல்நாணுக்குச் சுமைதான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்தால் அது டிஃப்தீரியாவாக இருக்கலாம். குழந்தை எச்சில் வடிய, முன்னால் குனிந்து மூச்சுக்குத் திணறினால் குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். வாயைத் திறந்து பார்க்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டுக்கும் காரணமான முக்கியக் கிருமிகளைத் தடுக்க, அரசு இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலிக்கு மருத்துவர் பென்சிலின் மாத்திரையைப் பத்து நாள் எழுதியிருந்தால் பத்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள்.