நோயாளியின் எடையும் மருந்தின் அளவும்

நம் பக்கத்துக் கோயில்கள் சிலவற்றில் துலாபாரம் நடைபெறுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு தட்டில் குழந்தையை உட்காரவைத்து, மறு தட்டில் வெல்லமோ வாழைப்பழமோ வைத்து, முள் நேராக நிற்கும் வரை பொறுத்திருந்து காணிக்கை செலுத்துவார்கள். தெய்வத்துக்குத் தரும் பொருளை இவ்வளவு கணக்காக நிறுக்கிற நாம், அதே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு மருந்து கொடுக்கும்போது அதன் எடையை நினைத்துப் பார்ப்பதில்லை. 'வயது என்ன?' என்று கேட்டுவிட்டு ஒரு கரண்டி ஊற்றிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

சேரன்மகாதேவி வட்டாரத்துச் சிறு மருத்துவ நிலையங்களில் நெடுங்காலம் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். கம்பவுண்டர் என்றே ஊரார் என்னை அழைப்பர். என் கண்ணைத் திறந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாள். நடவுக்குப் போகவேண்டிய ஒரு தாய், வயலுக்குப் போகாமல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு ஒரு வயது கடந்திருந்தது. காய்ச்சல் தணிந்திருந்தாலும் ஓயாமல் வாந்தி.

"மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கள் போன வாரம் சொன்னபடிதான் ஐயா. காய்ச்சல் மருந்து, வேளைக்கு ஒரு கரண்டி. நேற்று இரவிலிருந்து மூன்று தரம் கொடுத்தேன்" என்றாள்.

முந்தானையிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய குப்பியைக் கண்டு திடுக்கிட்டேன். நான் மனத்தில் வைத்திருந்தது பாராசிட்டமால் பாகு. அதில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். அவள் கையில் இருந்ததோ கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அதில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம். இரண்டிலும் மருந்தின் பெயர் ஒன்றே. வீரியமோ நான்கு மடங்கு. கரண்டி ஒன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம், மூன்று முறையில் 1500 மில்லிகிராம் அந்தச் சிறு வயிற்றுக்குள் போயிருந்தது.

குழந்தையை நிறுத்தேன், 9 கிலோ. ஒரு வேளைக்கு உடலின் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது மேல்வரம்பு. அதன்படி இக்குழந்தைக்கு 135 மில்லிகிராம் போதும். ஒரு நாளுக்குள் கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடக்கூடும். இங்கோ 166-ஐத் தாண்டியிருந்தது. உடனே வாடகைக் கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மாற்று மருந்து ஏற்றினார்கள். அந்த மாற்று மருந்துக்கும் எடையைக் கேட்டே அளவு கணக்கிடுவர். நான் சீட்டில் எழுதியனுப்பிய '9 கிலோ' என்ற குறிப்பு அங்கே உதவிற்று. நான்காம் நாள் குழந்தை பிழைத்து வீடு திரும்பியது.

அத்தாயை யார் குறை சொல்ல முடியும்? குற்றம் என்னுடையது. முந்தைய வாரம் நான் குழந்தையை நிறுக்கவில்லை. எந்தக் குப்பி என்று காட்டவில்லை. 'ஒரு கரண்டி' என்று வாயால் சொல்லியனுப்பினேன். அன்று முதல் நிறுக்காமல் எந்தக் குழந்தைக்கும் நான் மருந்து கொடுத்ததில்லை.

மருந்தை நிறுப்பது நமக்குப் புதிதன்று. குன்றிமணி, பணவெடை, வராகனெடை என்று நுட்பமான நிறைகளை நம் சித்த வைத்தியர்கள் கையாண்டனர். நோயாளியையும் நிறுக்கவேண்டும் என்ற எண்ணமே கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை. அதன் காரணம் எளிது. உட்கொண்ட மருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. ஒரு கைப்பிடி உப்பு அண்டாவில் விழுவதற்கும் செம்பில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. சிறிய உடலில் அதே மருந்து செறிவாக நிற்கும். பெரிய உடலில் நீர்த்துப்போய்ப் பயனற்றதாகும்.

வயதைக் கொண்டு அளவு காணும் வழிகள் முன்பு இருந்தன. ஒளியின் அலைத்தன்மையை ஆராய்ந்து புகழ்பெற்ற தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் ஒரு வைத்தியருங்கூட. அவர் பெயரால் வழங்கும் விதி இது: குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டிவந்த தொகையால் வகுத்தால், பெரியவர் அளவில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 4 வயதுக் குழந்தைக்கு 16-ல் 4, அதாவது கால் பங்கு. பெரியவருக்கு 1000 மில்லிகிராம் என்றால் குழந்தைக்கு 250. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் 4 வயதுப் பிள்ளைகள் இருவரைப் பாருங்கள். ஒருவன் 17 கிலோ. போஷாக்கின்றி மெலிந்த மற்றவன் 11 கிலோ. கிலோவுக்கு 15 என்ற கணக்கில் முதலாமவனுக்கு 255, இரண்டாமவனுக்கு 165. யங் விதியோ இருவருக்கும் 250 என்று சொல்லும். மெலிந்த பிள்ளைக்கே, அதாவது தாங்கும் சக்தி குறைந்தவனுக்கே, மருந்து மிகையாகப் போய்ச் சேரும்.

பெரியவர்களுக்கு எடை வேண்டாமா என்று கேட்கலாம். பல மருந்துகளில் பெரியவர்க்கெல்லாம் ஒரே அளவு போதும், சிலவற்றில் போதாது. அவற்றுள் முதன்மையானவை காசநோய் மருந்துகள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் பலன் கிடைக்கும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. அந்த ஆராய்ச்சியிலேயே ஐசோனியசிட் மருந்தை நோயாளியின் எடைக்கேற்பக் கொடுத்தார்கள். 2017 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தினசரிச் சிகிச்சையில், முதற்கட்டத்தில் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரையைப் பெரியவர்கள் எடைப்படி உண்கிறார்கள். 25 முதல் 34 கிலோ வரை 2 மாத்திரை, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் 38 கிலோப் பெண்ணுக்கு மூன்று. நெல் மூட்டை தூக்கும் 70 கிலோ மனிதருக்கு ஐந்து. இதை மாற்றிக் கொடுத்தால் ஒருவருக்குக் கல்லீரல் பாதிக்கலாம். மற்றவருக்கு நோய் தீராது, கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும். சிகிச்சையில் உடல் தேறும்போது எடையும் கூடும். ஆதலால் மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பது அவசியம்.

எல்லாவற்றுக்கும் எடையே விதி என்றும் எண்ணிவிடக் கூடாது. வயல் வரப்பில் பாம்பு தீண்டினால், நச்சுமுறி மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. கண்ணாடி விரியன் ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை, முறிக்கவேண்டியது விஷத்தை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் எல்லோருக்கும் ஒன்றே. ஆழமான கடிக்கு அதனோடு சேர்த்துக் காயத்தில் போடும் எதிர்ப்புச் சீரமோ எடைக்குரியது: மனித இரத்தத்திலிருந்து எடுத்ததாயின் கிலோவுக்கு 20 அலகு, குதிரையிலிருந்து எடுத்ததாயின் 40. பிறந்து சில வாரமே ஆன சிசுவின் கல்லீரலும் சிறுநீரகமும் முதிராதவை. அதற்குக் கிலோக் கணக்கு மட்டும் போதாது, வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மிகப் பருத்த பிள்ளைக்கும் பெரியவரின் அளவைத் தாண்டலாகாது.

மலைக்குள் தராசுக்கு எங்கே போவது? பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற காணிக் குடியிருப்புகளுக்குச் செல்பவர்கள் பையில் தொங்குதராசு ஒன்றை எடுத்துச் செல்லலாம். மரக்கிளையில் மாட்டித் துணித்தொட்டிலில் குழந்தையை நிறுக்கலாம். நிற்கும் தராசு இருந்தால், தாய் குழந்தையோடு ஏறட்டும். பிறகு தனியே ஏறட்டும். 52-லிருந்து 43-ஐக் கழித்தால் குழந்தை 9 கிலோ. உயரத்தைக் கொண்டு எடையை மதிப்பிடும் நாடா ஒன்றும் அமெரிக்காவில் உண்டு. நம் நாட்டுக் குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, 10 கிலோவுக்கு மேற்பட்டவர்களின் எடையை உண்மையைவிட மிகுத்துக் காட்டிற்று. கொழுத்த நாட்டுக் குழந்தைகளுக்கான அளவுகோல் மெலிந்த நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. தராசுக்கு ஈடு தராசே.

எடை தெரிந்த பின்பும் கரண்டி நம்மை ஏமாற்றும். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு, பாலாடை வேறு. ஆகவே குப்பியோடு வரும் கோடிட்ட மூடியையோ, ஊசியில்லாத மருந்துக் குழாயையோ கொண்டே அளக்கவேண்டும். மருந்து கொடுப்பவர் அந்தக் கோட்டைத் தாயின் கண்முன் மையால் குறித்துக் கொடுப்பது நல்லது. எழுத்தறியாதவரும் கோட்டை அறிவர்.

தாய்மார்களே, உங்களை வேண்டிக்கொள்வது இதுதான். மருந்து வாங்கும் இடத்தில், 'என் குழந்தையை நிறுத்துப் பார்த்தீர்களா? இந்தக் குப்பியில் எந்தக் கோடு வரை? எத்தனை மணிக்கு ஒருமுறை?' என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. அன்று அந்தத் தாய் இந்த மூன்றையும் கேட்டிருந்தால், நானும் விழித்துக்கொண்டிருப்பேன்.